ஆமையின் இருதயம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம்மவரிடையே ஒரு பழமொழி வழங்கி வருகின்றது. அதில் வரும் ஆமை நிலத்தில் ஊரும் ஆமையன்று; கல்லாமை, முயலாமை, பொறாமை முதலிய ஆமைகளே என்று விளக்கம் கூறுவாரும் உளர். அந்த விளக்கத்துக்கு மேடைகளிலே கைதட்டல் கிடைப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். ஆமை புகுந்த வீட்டின் கதியைப் பற்றி இவ்வாறு பலரும் பேசியிருக்க, வீடு புகுந்த ஆமையின் கதி என்னவாயிற்று என்று கேட்டவர் மிகச் சிலர். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். வீட்டில் வைத்து வளர்க்கப்படும் ஆமை, பாம்பு, ஓணான் முதலிய நகருயிர்களின் இருதயத்துக்கு நேரும் நோய்களைப் பற்றிச் சில செய்திகளை உங்களுக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

மனிதரின் இருதய நோய்க்கே வைத்தியசாலை வாசலில் விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, ஆமையின் இருதயத்துக்கு யார் நேரம் ஒதுக்குவார் என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவனே. அந்தச் சிரிப்பு எங்கே நின்றது என்பதைச் சொன்னால் மற்றவை தாமே விளங்கும்.

பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியனாக இருந்த காலம் அது. என் வகுப்பில் ஒரு சிறுவன். அவனுடைய தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையிலே, தோட்டத்தார் வழக்கிற் சொன்னால் ஸ்டோரிலே, கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை பார்த்தவர். 1976ஆம் ஆண்டில், வெல்லவாயப் பக்கத்திலிருந்து விறகு ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர் வழியில் அகப்பட்ட நட்சத்திர ஆமை ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கரிய ஓட்டிலே மஞ்சட் கோடுகள் ஒளிக்கதிர்போல விரிந்து பரந்திருக்கும் அழகான பிராணி. அது மெல்ல நடந்து வந்து, நின்று, தலையை உயர்த்தி நாற்புறமும் பார்த்துவிட்டு மறுபடியும் நடக்கும் தோரணையைக் கண்டு சிறுவன் அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்தான். தோட்டத்துத் துரை பிரட்டுக் களத்துக்கு வருகின்ற நடையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

இரண்டு ஆண்டுகள் தொரை அந்த லயத்திலே நலமாக இருந்தது. 1978ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் சிறுவனின் குடும்பத்துக்கு இந்தியா செல்ல நாள் குறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி கடவுச்சீட்டுப் பெற்று, தலைமன்னார் வழியாகக் கப்பலேறி இராமேசுவரம் போய்ச் சேர்ந்த பல்லாயிரம் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. அம்மிக்கல்லையும் ஆட்டுக்குட்டியையும் விற்றுவிடலாம். ஆமையை என்ன செய்வது? பண்டாரவளைப் புகையிரத நிலையத்திலே, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டி அழுதுகொண்டிருந்த அந்தக் கூட்டத்தின் நடுவே, சிறுவன் ஒரு கொழுந்துக் கூடையை என் கையிலே கொடுத்தான். உள்ளே தொரை. "ஐயா, நீங்களே வச்சுக்கங்க. ராவையில..." என்று தொடங்கி ஏதோ சொன்னான். கோச்சி ஊதிவிட்டது. நான் தலையசைத்தேன். எதற்குத் தலையசைக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

அங்கிருந்து என் பிழைகள் தொடங்குகின்றன. அவற்றைச் சொல்லுமுன் ஆமையின் இருதயம் எத்தகையது என்று சிறிது பார்த்துவிடுவோம்.

மனிதருடைய இருதயத்தில் நான்கு அறைகள் உண்டு என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தது. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். நுரையீரலுக்குச் செல்லும் இரத்தமும் உடலுக்குச் செல்லும் இரத்தமும் ஒன்றோடொன்று கலவாதபடி இடையிலே முழுச்சுவர் எழுப்பப்பட்டிருக்கின்றது. ஆமை, பாம்பு, ஓணான், பல்லி ஆகியவற்றுக்குச் சோணையறை இரண்டு, இதயவறை ஒன்றே. அந்த ஒன்றுக்குள்ளும் அரைச்சுவர் போன்ற தசை வரம்பு ஒன்று உண்டு. அது இரத்தத்தைப் பெரும்பாலும் பிரித்து அனுப்பும், முற்றாகப் பிரிப்பதில்லை. முதலைக்கு மாத்திரம் நான்கறைகள் உள. ஆயினும் அதிலும் ஒரு புதுமை: உடலுக்குச் செல்லும் இரு பெருநாடிகளுக்கிடையே ஒரு சிறு துவாரம் இருக்கின்றது. இத்தாலிய உடற்கூற்றறிஞர் பானிற்சா 1833ஆம் ஆண்டிலே அதனை விவரித்தமையால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அரைச்சுவர் இருதயம் என்றவுடன் அதை ஒரு குறைபாடு என்று எண்ணிவிடக்கூடாது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கி மூச்சை அடக்கிக்கொள்ளும்போது நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்புவதனால் பெரிய இலாபமில்லை. அப்பொழுது அந்த இருதயம் தன் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, நுரையீரலுக்குப் போகவேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதியை நேரே உடலுக்குத் திருப்பிவிடுகின்றது. மூச்சை விட்டவுடன் மறுபடியும் பழைய வழிக்கு வருகின்றது. நம்முடைய இருதயத்தால் இயலாத காரியம் இது. ஐம்புலன்களையும் அடக்குவதற்கு ஆமையை உவமை சொன்ன நம் முன்னோர், அது தன் இரத்த ஓட்டத்தையும் அடக்குகின்றது என்பதை அறிந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனித இருதய வைத்தியம் ஆமைக்குக் கடன்பட்டிருக்கின்றது. 1883ஆம் ஆண்டிலே கேம்பிரிட்சுச் சர்வகலாசாலையில் உவோல்ற்றர் காஸ்கெல் என்னும் உடற்றொழிலியலாளர் ஆமையின் இருதயத்தை ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். இருதயத்தைத் துடிக்கச் செய்வது நரம்பா, அல்லது தசை தானாகவே துடிக்கின்றதா என்பது அக்காலத்துப் பெரிய வழக்கு. ஆமையின் இருதயம் உடலிலிருந்து பிரித்தெடுத்த பின்னும் நெடுநேரம் துடிக்கக்கூடியது, துடிப்பும் மெதுவானது, கண்ணாலேயே பார்த்துத் தொடரலாம். துடிப்பு பெருநாளங்கள் வந்து சேரும் இடத்தில் தொடங்கி, தசை வழியாகவே அலைபோல நகர்ந்து, சோணையறையைக் கடந்து இதயவறைக்கு வருகின்றது என்று அவர் காட்டினார். இரண்டுக்கும் இடையே தசையைக் குறுக்கினால், அலைகளில் ஒன்றுவிட்டு ஒன்றே கீழே இறங்கும். மேலும் குறுக்கினால் ஒன்றுமே இறங்காது. அதற்கு அவர் 'தடை' என்னும் பொருளுள்ள சொல்லைப் பயன்படுத்தினார். இன்று நம் வைத்தியசாலைகளில் முதியவர் ஒருவரின் மின்வரைபைப் பார்த்து இருதயத் தடை என்று வைத்தியர் கூறுகின்றாரே, அந்தச் சொல்லின் பிறப்பிடம் ஆமையின் மார்பு. 1958ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலே முதன்முதலாக மனித உடலுக்குள் துடிப்பூக்கி பொருத்தப்பட்டதும் அத்தகைய தடையை வெல்வதற்கே.

இவ்வளவு பெருமையுடைய இருதயத்தைத்தான் நான் கொழுந்துக் கூடையிலே சுமந்துகொண்டு வந்தேன்.

நட்சத்திர ஆமை நம் நாட்டின் உலர்ந்த தாழ்நிலத்துக்கு உரியது. புத்தளம், மன்னார், அம்பாந்தோட்டை முதலிய வெப்பமான பற்றைக்காடுகளே அதன் வீடு. இந்தியாவிலே தமிழகம், ஆந்திரம் முதலிய தென்பகுதிகளிலும், வடமேற்கே குஜராத், இராசத்தான் பக்கத்திலும் இருக்கின்றது. வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இராவணா எல்ல அருவியைத் தாண்டி, எல்ல இடைவெளி வழியாக வளைந்து வளைந்து ஏறிப் பண்டாரவளைக்கு வந்தால் 1,200 மீற்றருக்கு மேலே வந்துவிடுகின்றோம். லொறியில் இரண்டு மணிநேரப் பயணங்கூட இல்லை. ஆயினும் ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் 6 பாகைக்குச் சற்று மேல் இறங்கிவிடும். நமக்கு அது இன்பமான குளிர். ஒரு கம்பளிச் சட்டை போதும். ஆமைக்கு அப்படியன்று. அதன் உடம்பு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. சுற்றுப்புறம் எவ்வளவு வெப்பமோ ஏறத்தாழ அவ்வளவே அதன் இரத்தமும். ஆகவே அதற்குக் கம்பளி போர்த்துவதாலும் பயனில்லை. உள்ளே வெப்பம் இருந்தாலன்றோ போர்வை அதனைக் காக்கும்?

ஒரு கிலோ நிறையுள்ள ஆமையின் இருதயம், அதற்கு உகந்த 30 பாகை சென்ரிகிரேட் அளவிலே, நிமிடத்துக்கு 30 முதல் 35 தடவை துடிக்கும். பத்துப் பாகை குறைந்தால் துடிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். மார்கழி இரவுகளில் பண்டாரவளையின் குளிர் 15 பாகை அளவுக்கு இறங்குவதுண்டு. அப்பொழுது அந்த இருதயம் துடிக்கும் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருதயம் மெதுவாகினால் வயிறு நின்றுவிடும். உண்டது உள்ளே கிடந்து புளிக்கும். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும். நோயெதிர்க்கும் சக்தியும் உறங்கிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் தாங்கும். வாரக்கணக்காக, மாதக்கணக்காக நீடித்தால் அது உறக்கமன்று. மெதுவாக நடக்கும் மரணம்.

இதை அறியாதவனாகிய நான் ஒரு புத்தகத்தைப் படித்திருந்தேன். கில்பேட் உவைற் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1789ஆம் ஆண்டிலே வெளியிட்ட செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாறு அது. அதிலே திமொதி என்று ஓர் ஆமை வருகின்றது. குளிர்காலம் வந்ததும் மண்ணைத் தோண்டி உள்ளே போய் உறங்கும். வசந்தத்தில் எழுந்து வரும். அழகான வருணனைகள். ஆமை என்றால் குளிர்காலத்தில் உறங்கும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். திமொதி மத்தியதரைக் கடற்கரை நாடுகளின் இனத்தைச் சேர்ந்தது, பனிக்கால உறக்கம் அதன் இனத்துக்கு இயல்பு, அம்பாந்தோட்டைப் பற்றைக்காட்டு ஆமைக்கு அந்த வழக்கமே இல்லை என்னும் வேறுபாடு எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு வேடிக்கை: திமொதி என்ற ஆண்பெயரிட்டு அவ்வளவு காலம் கூர்ந்து நோக்கப்பட்ட அந்த ஆமை உண்மையிலே பெண் என்று அது இறந்த பின்னரே தெரியவந்தது. பெரியவர்களும் ஆமை விடயத்திலே தவறியிருக்கின்றார்கள் என்பது எனக்குச் சிறு ஆறுதல்.

இரண்டாவது பிழை உணவு. சிறுவன் அதற்குப் புல்லும் வல்லாரையும் செவ்வரத்தம் பூவும் கொடுத்து வந்தான் என்று அயலார் சொன்னார்கள். ஏழைப் பிள்ளை, வேறு என்ன கொடுப்பான் என்று இரங்கி, நான் அதற்கு அவித்த முட்டையும் கருவாடும் கொடுத்தேன். நாய்க்கு வைத்த இறைச்சிச் சோற்றிலும் ஒரு கவளம் வைத்தேன். ஆமை ஆவலோடு உண்டது. நன்றாக உண்கின்றது என்று நான் பெருமைப்பட்டேன். கச்சான் காற்று வீசிய ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் அது முற்றத்து வெயிலிலே சுற்றித் திரிந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியது. கார்த்திகையில் வெயிலையே காணோம். மார்கழியில் தொரை விறகுக் கொட்டிலின் மூலையில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் ஒடுங்கிக்கொண்டது. உணவைத் தொடவில்லை. நீரும் பருகவில்லை. "ஐயா, இது ஒறங்குதுங்களா, செத்துப்போச்சுங்களா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். உறங்குகின்றது, பங்குனியில் எழும் என்று நான் செல்போர்ன் பாதிரியாரை நம்பி வகுப்பிலே ஒரு பாடமே நடத்தினேன்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு நாள் பெட்டியைத் திறந்து பார்த்தபோது கழுத்தும் முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. வீக்கத்தினால் தலையை உள்ளே இழுக்கவும் இயலவில்லை. வாய் திறந்து மூச்சு வாங்கியது. மறுநாள் இறந்துவிட்டது.

அக்காலத்தில் அப்பகுதியில் மாடு பார்க்க வந்த கால்நடை வைத்தியர் ஒருவர் என் நண்பர். அவரிடம் கொண்டுபோனேன். அவரும் முதலிலே சிரித்தார். பிறகு ஒரு சிறு அரத்தினால் அடியோட்டின் ஓரத்தை அறுத்து மெல்லத் திறந்தார். இருவரும் சிரிப்பை நிறுத்தினோம். இருதயத்தைச் சூழ்ந்துள்ள உறை, உள்ளே தெரியும்படி தெளிந்த மெல்லிய சவ்வாயிருக்க வேண்டியது, வெள்ளை வெளேரென்றிருந்தது. அதற்குள்ளே கலங்கிய நீர் கட்டியிருந்தது. விரலால் தடவினால் வெண்காவி உதிர்ந்தது. "மாஸ்டர், இதன் இருதயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டீர்களே" என்றார் அவர். நான் அந்த வாக்கியத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அது உண்மையிலே சுண்ணாம்பு அன்று, யூரிக்கமில உப்பு. நாம் உண்ணும் புரதத்தின் கழிவு நம் உடம்பிலிருந்து யூரியாவாக நீரிலே கரைந்து வெளியேறுகின்றது. நிலத்து நகருயிர்கள் நீரைச் சிக்கனப்படுத்த வேண்டியவை. ஆதலால் அக்கழிவைப் பெரும்பாலும் யூரிக்கமிலமாக்கி, வெண்மையான களிபோல வெளியேற்றுகின்றன. பல்லியின் எச்சத்திலே வெள்ளை நுனி ஒன்று இருக்குமே, அதுவே இது. இலைதழை உண்ணவேண்டிய ஆமைக்குக் கருவாடும் இறைச்சியும் கொடுத்தால் இக்கழிவு அளவுக்கு மிஞ்சுகின்றது. நீர் பருகாவிட்டால், அல்லது குளிரினால் சிறுநீரகம் சோர்ந்துவிட்டால், வெளியேற வழியின்றி அது இரத்தத்திலே பெருகி, சிறுநீரகத்திலும் மூட்டுக்களிலும் ஈரலிலும் இருதய உறையிலும் படிகங்களாகப் படிந்துவிடுகின்றது. மனிதருக்குக் கால் பெருவிரலிலே வந்து அலறவைக்கின்ற அதே நோய். ஆமை அலறுவதில்லை. உறை தடித்து, உள்ளே நீர் கட்டி, இருதயம் விரிய இடமின்றித் தவிக்கும்போதும் அது பேசாமல் மூலையிலே ஒடுங்கிக் கிடக்கும். பார்ப்பவன் உறங்குகின்றது என்பான்.

நகருயிர்களின் இருதய நோய்களுள் இஃது ஒரு வகை. வேறு வகைகளும் உள. வாய்ப்புண், ஓட்டிலே பட்ட காயம் முதலியவற்றின் வழியாகப் பற்றீரியாக்கள் இரத்தத்திற் கலந்து இருதய வாயில்களில் தங்கிப் புண்ணாக்குவதுண்டு. கயிறு கட்டுவதற்காக ஆமையின் ஓட்டிலே துளையிடும் கொடிய வழக்கம் ஒன்று இருக்கின்றது. ஓடு என்பது வெறும் மூடி அன்று, விலாவெலும்பும் முள்ளந்தண்டும் ஒன்றாய் வளர்ந்த உயிருள்ள எலும்பு என்பதை அத்துளை போடுவோர் அறியார்; அத்துளை வழியே நுழையும் கிருமி இருதயம்வரை செல்லும் என்பதையும் அறியார். குளிரினால் நுரையீரலிலே சளி கட்டினால், அந்நுரையீரலுக்கு இரத்தம் தள்ளும் வேலை இருதயத்துக்குப் பாரமாகின்றது. வெயில் படாமல் வளரும் பிராணிக்குக் கல்சியம் குறைந்து இருதயத் தசை பலவீனப்படுகின்றது. இதற்கு அஞ்சி, கடையிலே விற்கும் கல்சியத் தூளையும் டீ விற்றமினையும் அளவின்றி ஊட்டினால் பெருநாடிகளின் சுவரிலே உண்மையான சுண்ணாம்பே படிந்து அவை குழாய்போல இறுகிவிடுகின்றன. குறைந்தாலும் நோய், மிஞ்சினாலும் நோய். நன்னீர் ஆமைகளுக்கும் கடலாமைகளுக்கும் நத்தைகளின் வழியாக வந்து, இருதயத்திலும் இரத்தக் குழாய்களிலுமே குடியிருக்கும் தட்டைப் புழுக்களும் உண்டு.

பாம்பு வளர்ப்பவர்கள் நம்மிடையே அதிகமில்லை, மேனாடுகளில் ஏராளம். பாம்பின் இருதயம் தலையிலிருந்து உடல்நீளத்தின் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையிலான இடத்திலே இருக்கும். அவ்விடத்திலே புடைப்புத் தோன்றினால் இருதயம் பருத்திருக்கின்றதோ என்று வைத்தியர் ஐயுறுவர். ஆனால் பாம்பின் இருதயம் பருப்பதெல்லாம் நோயன்று. 2005ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, பர்மா நாட்டு மலைப்பாம்பு பெரிய இரை விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் அதன் இதயவறையின் தசை 40 வீதம் பெருகிவிடுகின்றது என்று காட்டிற்று. செரிமானம் முடிந்ததும் அது பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகின்றது. அவ்வேளையில் பாம்பின் இரத்தத்திலே பெருகும் சில கொழுப்பமிலங்களே இந்த நல்ல வளர்ச்சியைத் தூண்டுகின்றன என்று 2011இல் மற்றோர் ஆராய்ச்சி கண்டது. நோயினால் பருத்த மனித இருதயத்துக்கு இதனால் ஏதேனும் பயன் விளையுமா என்று விஞ்ஞானிகள் தேடுகின்றார்கள்.

இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் அவுஸ்திரேலிய தாடியோணானை வளர்க்கின்றார்கள். அண்மையில் உறவினர் ஒருவர் வீட்டிலே அப்படி ஒன்றைக் கண்டேன். கண்ணாடிப் பெட்டி, வெப்பம் தரும் மின்குமிழ், வெயிலுக்கு ஈடான ஒளிக்குழாய், வெப்பமானி எல்லாம் இருந்தன. அவ்வளவு இருந்தும் இருதய நோய் வாராது என்பதற்கில்லை. தாடியோணானுக்கு இருதயத்திலிருந்து எழும் பெருநாடியின் சுவர் மெலிந்து பலூன்போல உப்பி, தலைக்குப் பின்னே திடீரென்று ஒரு வீக்கமாகத் தோன்றும் நோய் உண்டு. அதைக் கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால் இரத்தப் பெருக்கினால் உயிர் போய்விடும்.

நோயை அறிவதும் எளிதன்று. நம் மார்பிலே வைக்கும் குழலை ஆமையின் ஓட்டிலே வைத்தால் ஒன்றும் கேளாது. அதற்காக வைத்தியர்கள் இரத்த ஓட்டத்தை ஒலியாக மாற்றும் தொப்ளர்க் கருவியின் முனையைக் கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் இடையேயுள்ள மெல்லிய தோலின்மீது வைத்துக் கேட்கின்றார்கள். கேளாவொலியினால் படம் பிடிப்பதும் அந்தச் சாளரத்தின் வழியேதான். மருந்து என்று பார்த்தால், மனிதருக்கும் நாய்க்கும் பயன்படுபவற்றையே அளவை மதிப்பிட்டுக் கொடுக்கின்றார்கள். உடலிலே தேங்கிய நீரை இறக்கும் மருந்து நம் சிறுநீரகத்திலே எந்த வளைகுழாயிலே வேலை செய்கின்றதோ, அந்தப் பகுதியே நகருயிருக்கு இல்லை. எனினும் ஓரளவு குணம் தெரிகின்றதால் அதனையும் கொடுத்துப் பார்க்கின்றார்கள். ஆகவே வீட்டிலே தாத்தாவுக்குத் தந்த இருதய மாத்திரையில் ஒரு துண்டை ஆமைக்குக் கரைத்து ஊற்றலாம் என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். உரிய வெப்பம், உரிய உணவு, உடம்பிலே போதிய நீர் இம்மூன்றையும் சரிசெய்யாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. இவற்றை முன்னமே சரியாக வைத்திருந்தால் இந்நோய்களில் பல வந்தே இரா.

நம் நாட்டில் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சட்டத்தினால் தடுக்கப்பட்டவை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இதைச் சொல்கின்றன. சட்டம் என்ன சொல்கின்றது என்று 1978இல் நான் கேட்கவுமில்லை, எனக்குச் சொல்வாருமில்லை. உலகச் சந்தையிலே இந்த ஆமைக்கு இருக்கும் கிராக்கி கொஞ்சநஞ்சமன்று. இந்தியாவிலே ஒரேயொரு வட்டாரத்திலிருந்து மாத்திரம் ஓராண்டில் 55,000 ஆமைகளுக்குக் குறையாமல் பிடிக்கப்பட்டன என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. 2019ஆம் ஆண்டு ஜெனீவாவிலே கூடிய சர்வதேச மாநாடு, இலங்கை, இந்தியா முதலிய நாடுகளின் வேண்டுகோளை ஏற்று, இதன் சர்வதேச வியாபாரத்தை முற்றாகத் தடுக்கும் பட்டியலிலே சேர்த்தது. பெட்டிகளிலே அடுக்கி, கால்களை ஒட்டுநாடாவால் கட்டி, நாட்கணக்கில் நீரின்றிக் கடத்தப்படும் அவ்வாமைகளின் சிறுநீரகமும் இருதயமும் என்னவாகும் என்பதை இதுவரை கேட்டவர்கள் ஊகிக்கலாம்.

ஆகவே ஊவாவிலே இருக்கின்ற என் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வெல்லவாய, புத்தல, திஸ்ஸமகாராமைப் பக்கம் போய் வரும்போது வீதியிலே ஆமையைக் கண்டால், வாகனத்தை நிறுத்தி, அது எந்தப் பக்கம் போக முயன்றதோ அந்தப் பக்கத்துப் பற்றையிலே விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகள் கேட்டாலும் மலைக்கு ஏற்றவேண்டாம். முன்னமே யாரோ ஏற்றிவந்த ஆமை உங்கள் வீட்டில் இருக்குமானால், அதைத் தேயிலை மலையிலே அவிழ்த்து விடுவது கருணையன்று; மழைக்காலம் வந்ததும் அது அங்கேயே இறக்கும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள். அவர்கள் வரும்வரையில் ஒரு மின்குமிழைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே தொங்கவிட்டு, அந்த மூலை 30 பாகை வெப்பமாகவும் மறு மூலை அதனினும் குளிர்மையாகவும் இருக்கும்படி வையுங்கள். வேண்டிய இடத்துக்கு அது தானே நகர்ந்துகொள்ளும். தாடை நனையாத அளவுக்கு வெதுவெதுப்பான நீரிலே கால்மணி நேரம் நிற்க வையுங்கள், பருகும். கழுத்திலோ கால்களிலோ வீக்கம் கண்டாலும், வாய் திறந்து மூச்சு வாங்கினாலும், நாளைக்கு என்று வைக்காமல் அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பேராதனைச் சர்வகலாசாலையில் மிருக வைத்தியம் கற்றுவரும் இளைஞர் பலர் இன்று இப்பிராணிகளைப் பற்றி அறிந்திருக்கின்றார்கள். அன்று என் நண்பருக்குக் கிடைக்காத புத்தகங்கள் இவர்களுக்குக் கிடைக்கின்றன.

தொரை இறந்து மூன்று கிழமைகளின் பின், 1979ஆம் ஆண்டு மாசி மாதத்திலே, நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தாயகம் திரும்பிய நம்மவர்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் தேயிலைத் தோட்டத்திலே தகப்பனாருக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். அங்கும் மலைதான், அங்கும் குளிர்தான், இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை என்று எழுதியிருந்தான் சிறுவன். கடிதத்தின் அடியிலே, எழுத்துப் பிழைகளோடு, இரண்டு வரி: "தொரைய ராவையில ஸ்டோர் அடுப்புச் செவரு பக்கத்துல வைக்கணுங்க ஐயா. கோச்சி ஊதுனதுல நீங்க கேட்டீங்களோ என்னமோன்னு எழுதுறேன்."

இரண்டு மழைக்காலமும் அவன் தகப்பனார் இரவு வேலைக்குப் போகும்போது ஆமையைக் கூடையிலே கொண்டுபோய், கொழுந்து உலர்த்தும் அடுப்பின் வெப்பச் சுவரோரம் வைத்திருந்து விடியற்காலையிலே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். நான் அன்று மாலை ஸ்டோருக்குப் போனேன். அடுப்புச் சுவரின் அடியிலே, கரி படிந்த மூலையில், ஒரு பழைய சாக்கும் காய்ந்துபோன செவ்வரத்தம் பூக்களும் அப்படியே கிடந்தன. சுவரிலே கையை வைத்துப் பார்த்தேன். இதமான சூடு. பிறகு வீட்டுக்கு வந்து, அவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், விளக்கைத் தணித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு நாள் கழித்து உண்மையையே எழுதினேன்.